திண்டுக்கல்லுக்கு டீம் உண்டு, தாம்பரத்துக்கு ஏன் இல்லை?

2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி ஆனது. செம்பாக்கம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர் நகராட்சிகளும், சிட்லபாக்கம், பெருங்களத்தூர் போன்ற பேரூராட்சிகளும் அதோடு சேர்ந்தன. மக்கள்தொகையில் திண்டுக்கல்லை எளிதாகத் தாண்டிவிடும் ஊர். ஆனால் டிஎன்பிஎல் கிரிக்கெட்டில் திண்டுக்கல் டிராகன்ஸ் இருக்கிறது. தாம்பரம் பெயரில் எதுவும் இல்லை.

காரணம் சிம்பிள். டீம் வாங்குகிறவர் மாநகராட்சி எல்லையைப் பார்ப்பதில்லை. டிக்கெட், ஜெர்சி வாங்கும் ஆள் எங்கே இருக்கிறார், அவரைக் குறிவைத்து விளம்பரம் தர எத்தனை கம்பெனி வரும் என்றுதான் பார்க்கிறார். அந்தக் கணக்கில் செம்பாக்கம் சென்னைக்குள் அடங்கிவிடுகிறது. வேளச்சேரி வரை பஸ், அங்கிருந்து பறக்கும் ரயில், இறங்கினால் சேப்பாக்கம். சிஎஸ்கேவின் 'ஊர்' எதுவரை நீள்கிறது என்பதை மேட்ச் நாளில் அந்த ரயில் கூட்டமே காட்டிவிடும்.

காசு வாங்கித் தருமா கப்?

டீமின் விலையை நிர்ணயிப்பதில் ஊருக்குப் பெரிய பங்கு உண்டு. 2008 ஐபிஎல் ஏலத்தில் மும்பை 11.19 கோடி டாலர், பெங்களூரு 11.16 கோடி, சென்னை 9.1 கோடி. கடைசி இடம் ஜெய்ப்பூருக்கு, 6.7 கோடி. ஆனால் முதல் கப்பைத் தூக்கியது அந்த ஜெய்ப்பூர் டீம்தான்! ஐடி காசு புரளும் பெங்களூரு 2025 வரை, 18 சீசன் காத்திருந்தது.

இதற்குக் காரணம் லீக்கின் விதி. 2025 சீசனுக்கான ஏலத்தில் பத்து டீமுக்கும் தலா 120 கோடி ரூபாய்தான் உச்சவரம்பு. 2023 முதல் 2027 வரை ஒளிபரப்பு உரிமை 48,390 கோடிக்குப் போனது. அதில் பெரும் பங்கு டீம்களுக்குப் பிரித்துத் தரப்படுகிறது. பெரிய ஊர்க்காரர் எவ்வளவு சம்பாதித்தாலும் இரண்டு மடங்கு காசு கொட்டி வீரர்களை அள்ள முடியாது. அமெரிக்காவின் கிரீன் பே பேக்கர்ஸ் பிழைப்பதும் இப்படித்தான். சுமார் ஒரு லட்சம் பேர் வாழும் ஊர். அந்த நாட்டு ஃபுட்பால் லீக்கில் அதிக முறை சாம்பியன் அதுதான். லாஸ் ஏஞ்சலஸ் போன்ற மகாநகரத்துக்கோ 1995 முதல் 2015 வரை அந்த லீக்கில் டீமே கிடையாது.

காசைப் பங்கு போடும் ஏற்பாடு பலமாக இல்லாத இடத்தில் கதையே வேற. சென்னை சிட்டி எஃப்சி, பெயரில் சென்னை இருந்தாலும் கோவைக்குப் போய் ஆடியது. 2018-19 ஐ-லீக் சாம்பியனும் ஆனது. சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசல் 26 சதவீதப் பங்கு வாங்கியது. ஆனால் காசும் டிவி வெளிச்சமும் ஐஎஸ்எல் பக்கம் இருந்தன. ஐ-லீக் ஜெயித்தாலும் அங்கே ஏறும் வழி அப்போது இல்லை. 2020-21 சீசனுக்குப் பிறகு ஐ-லீக்கில் அந்த டீமே இல்லை. கோவை ரசிகர்களுக்கு மிச்சம் ஒரு கோப்பையின் நினைவு மட்டும்.

டிஎன்பிஎல்-லிலும் ஊர்கள் மாறியிருக்கின்றன. காரைக்குடி காளை, திருப்பூர் தமிழன்ஸ் ஆனது. தூத்துக்குடி டீம் சேலத்துக்கும், காஞ்சி டீம் நெல்லைக்கும் போயின. திருப்பூரில் பனியன் ஏற்றுமதிக் காசு இருக்கிறது. சேலம், நெல்லைப் பக்கம் டிஎன்பிஎல் நடக்கும் மைதானங்கள் இருக்கின்றன. பழைய மூன்று ஊர்களிலும் அப்படி ஒரு மைதானம் இல்லை.

அப்போ சென்னைக்குள் அடங்குவதில் செம்பாக்கத்துக்கு லாபமா? பாதிதான். பெரிய ஊர் என்றால் பெரிய க்யூ. சேப்பாக்கத்தில் சுமார் 38,000 இருக்கைகள். லீக் சுற்றில் சொந்த ஊரில் 7 மேட்ச். மொத்தம் 2.66 லட்சம் இடம். சென்னைப் பெருநகரத்தில் 2011 கணக்கெடுப்பிலேயே 86 லட்சத்துக்கும் மேல் மக்கள். விளைவு, 2024-ல் மிகக் குறைந்த டிக்கெட்டே 1,700 ரூபாய். நாலு பேர் குடும்பம் என்றால் 6,800, பாப்கார்ன் தனி. அதுவும் ஆன்லைன் க்யூவில் டிக்கெட் மாட்டினால்!

2025 டிஎன்பிஎல் ஃபைனல் நடந்தது திண்டுக்கல் மாவட்டம் நத்தத்தில், ஒரு கல்லூரி மைதானத்தில். ஆடியது திண்டுக்கல், ஜெயித்தது திருப்பூர். உள்ளூர்க்காரர்கள் தோல்வியைத்தான் பார்த்தார்கள், ஆனால் தங்கள் மாவட்டத்திலேயே பார்த்தார்கள்.