எட்டுக்கால் சில்லு: கழற்றி மாட்டினால் பாட்டு மாறுமா?

சட்டைப் பையில் அடங்கும் ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபையர்கள் சிலவற்றின் மூடியைத் திறந்தால், பலகையின் நடுவே ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் கறுப்பாக ஒரு சில்லு தெரியும். இந்தப் பக்கம் நாலு கால், அந்தப் பக்கம் நாலு கால். மற்ற உறுப்புகளெல்லாம் ஈயத்தால் பற்றவைக்கப்பட்டிருக்க, இது மட்டும் பிளாஸ்டிக் இருக்கை ஒன்றில் செருகப்பட்டிருக்கும். கடைக்காரர்கள் அந்த இருக்கையை ‘ஐ.சி. பேஸ்’ என்பார்கள். சால்டரிங் அயர்ன் இல்லாமலே இந்தச் சில்லைப் பிடுங்கிவிட்டு வேறொன்றைச் செருகலாம். பாட்டுப் பித்தர்கள் பலர் இதை ஒரு பொழுதுபோக்காகவே வைத்திருக்கிறார்கள். சில்லை மாற்றினால் குரல் தெளியும், தபலா அதிரும் என்று சத்தியம் செய்பவர்களும் உண்டு. சத்தியத்தை நம்புவதற்கு முன் சில்லைப் புரிந்துகொள்வோம்.

அதன் பெயர் ஆப்-ஆம்ப். தமிழில் செயல்பாட்டுப் பெருக்கி. இது இசைக்காகப் பிறந்ததே அல்ல. 1940-களின் கணிப்பொறிகளில் சில, எண்களை மின்னழுத்தமாக வைத்துக் கணக்குப் போட்டன. கூட்டல், கழித்தல் போன்ற கணிதச் செயல்களைச் செய்துகொடுத்த பெருக்கி என்பதால், ஜான் ரகாஸினியும் கூட்டாளிகளும் 1947-இல் ஒரு கட்டுரையில் இந்தப் பெயரைச் சூட்டினார்கள். அப்போது அது வெற்றிடக் குழாய்களால் ஆன கனத்த சாமான். 1968-இல் ஃபேர்சைல்ட் நிறுவனம் வெளியிட்ட 741 என்ற சில்லில், அதே வேலையைச் சுமார் இருபது டிரான்சிஸ்டர்கள் ஒரு சிலிக்கன் துணுக்கில் உட்கார்ந்து செய்தன.

வேலை என்ன? உள்ளே வர இரண்டு கால்கள், ஒன்று பிளஸ், இன்னொன்று மைனஸ். அவற்றுக்கு இடையிலுள்ள மின்னழுத்த வித்தியாசத்தைப் பெருக்கி மூன்றாவது காலில் வெளியே விடுவது, அவ்வளவுதான். ஆனால் பெருக்கும் அளவு மலைக்க வைக்கும். ஓபிஏ2134 என்ற சில்லு, தாழ்ந்த அதிர்வெண்களில் ஏறக்குறைய பத்து லட்சம் மடங்கு பெருக்கும். ஒரு மில்லிமீட்டரை ஒரு கிலோமீட்டராக இழுப்பதற்குச் சமம். இப்படிப்பட்ட பெருக்கியில் பாட்டை நேரடியாக விட்டால் பாட்டே வராது. வித்தியாசம் ஒரு துளி இருந்தாலும் வெளியீடு பேட்டரியின் எல்லைவரை போய் முட்டிக்கொண்டு நிற்கும்.

இந்த முரட்டுக் குதிரைக்குக் கடிவாளம் கண்டுபிடித்தவர் ஹரால்ட் பிளாக். 1927 ஆகஸ்ட் 2 அன்று காலை, ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்து நியூயார்க்கிலுள்ள பெல் ஆய்வகத்துக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். தொலைபேசிக் கம்பிகளில் வரிசையாக வைத்த பெருக்கிகள் ஒவ்வொன்றும் குரலைக் கொஞ்சம் கோணலாக்கி, கடைசியில் பேச்சே புரியாமல் போவதுதான் அவரைக் குடைந்துகொண்டிருந்த பிரச்சினை. படகிலேயே விடை உதித்தது. கையிலிருந்த ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழின் பக்கத்திலேயே வரைந்துவிட்டார். வெளியீட்டில் ஒரு பங்கை எடுத்து, தலைகீழாக்கி, உள்ளீட்டுக்கே திருப்பிக் கொடு என்பதுதான் அது. எதிர்மறைப் பின்னூட்டம் என்று பெயர். இது வேலை செய்யும் என்பதைக் காப்புரிமை அலுவலகமே நம்பத் தயங்கியது. 1928-இல் விண்ணப்பித்தவருக்கு உரிமை கிடைத்தது 1937-இல்.

இனி ஒரு நிஜ ஆம்ப்ளிஃபையருக்குள் போகலாம். 1990-களின் இறுதியில் சூ மோய் என்ற அமெரிக்கர், வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய ஒரு வடிவமைப்பை வெளியிட்டார். ஒரு 9 வோல்ட் பேட்டரி, ஒரு ஆப்-ஆம்ப், கைப்பிடி அளவு உதிரி உறுப்புகள். ஆல்டாய்ட்ஸ் மிட்டாய் டப்பாவுக்குள் அது அடங்கிவிடும். ‘சிமோய்’ என்று உலகம் முழுக்கப் பரவிய அந்தச் சுற்றில், 10 கிலோஓம், 1 கிலோஓம் என இரண்டு மின்தடைகள் வெளியீட்டின் பதினொன்றில் ஒரு பங்கை மைனஸ் காலுக்குத் திருப்பி அனுப்புகின்றன. இரு கால்களுக்கும் இடையே வித்தியாசம் இல்லாமல் பார்த்துக்கொள்ளச் சில்லு ஓயாமல் பாடுபடும். அதற்கு ஒரே வழி, வெளியீட்டை உள்ளீட்டைப் போலச் சரியாகப் பதினொரு மடங்கு ஆக்குவது. பத்து லட்சம் மடங்கு பெருக்கும் சில்லைச் செருகினால் விடை 10.9999. இரண்டு லட்சம் மடங்கு மட்டுமே பெருக்கும் சில்லைச் செருகினால் 10.9994. ஒலியின் அளவைத் தீர்மானிப்பது விலை உயர்ந்த சில்லு அல்ல, சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் இரண்டு மின்தடைகள்!

உயர்ந்த அதிர்வெண்களில் சில்லின் சொந்தப் பெருக்கம் வேகமாகச் சரியும் என்பது உண்மை. ஓபிஏ2134-இல் அது 20,000 ஹெர்ட்ஸில் நானூறு மடங்காகிவிடும். பதினொன்றுக்கு அதுவும் தாராளம். வேகத்திலும் இதே கதைதான். இந்தச் சில்லின் வெளியீடு ஒரு மைக்ரோ விநாடிக்கு 20 வோல்ட் ஏறும் என்று விளம்பரம் செய்வார்கள். காதுக்கு எட்டும் உச்ச சுருதியில், 9 வோல்ட் பேட்டரி தரக்கூடிய உரத்த ஒலிக்குத் தேவைப்படுவது 0.6 வோல்ட்டுக்கும் குறைவு.

அப்படியானால் எந்தச் சில்லைப் போட்டாலும் ஒன்றுதானா? இல்லை. வித்தியாசம் வேறு இடங்களில் ஒளிந்திருக்கிறது.

முதல் இடம், காலுக்குள் கசியும் மின்சாரம். எந்த ஆப்-ஆம்ப்பும் தன் உள்ளீட்டுக் காலில் மிகச் சிறிய மின்னோட்டத்தைப் பிடித்துக்கொள்ளும். பதிவுக்கூடங்களில் நெடுங்காலமாக உழைக்கும் என்இ5532-இல் அது சுமார் 200 நானோ ஆம்பியர். சிமோயில் பிளஸ் காலிலிருந்து தரைக்கு 100 கிலோஓம் மின்தடை இருக்கிறது. பெருக்கிப் பாருங்கள், 20 மில்லிவோல்ட். சுற்று அதையும் பாட்டென்று எண்ணிப் பதினொரு மடங்காக்கி, 220 மில்லிவோல்ட் நேர்மின்னழுத்தத்தை ஹெட்ஃபோனுக்குள் தள்ளும். பாட்டு ஓடாதபோதும் காதருகே இருக்கும் சவ்வு ஒரு பக்கமாகவே தள்ளப்பட்டு நிற்கும். ஓபிஏ2134-இன் உள்ளீட்டில் இருப்பதோ புல விளைவு டிரான்சிஸ்டர், அதாவது மின்னோட்டத்தைத் தொடாமல் மின்புலத்தால் மட்டுமே இயங்கும் வகை. அதன் கசிவு சுமார் 5 பிக்கோ ஆம்பியர், நாற்பதாயிரத்தில் ஒரு பங்கு. என்இ5532 மட்டமான சில்லு என்று இதற்குப் பொருள் அல்ல. அதற்கென வடிவமைத்த சுற்றில் அது அருமையாகப் பாடும். இந்த வீட்டுக்கு அது பொருந்தவில்லை, அவ்வளவே.

இரண்டாவது, பேட்டரி. சிமோய் 9 வோல்ட்டை இரண்டாகப் பிரித்து மேலே நாலரை, கீழே நாலரை என்று கொடுக்கிறது. பேட்டரி இறங்க இறங்க இதுவும் இறங்கும். ஏடி8620 போன்ற பெயர்பெற்ற சில்லுகளுக்கு மேலும் கீழும் ஐந்தைந்து வோல்ட்டாவது வேண்டும். வாங்குமுன் தகவல் தாளில் இந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டால் பாதி ஏமாற்றத்தைத் தவிர்க்கலாம்.

மூன்றாவது கொஞ்சம் பேய்க்கதை மாதிரி. அதிவேகச் சில்லு ஒன்றை மெதுவான சில்லுக்காகப் போட்ட பலகையில் செருகினால், அது தானாகவே பல மெகாஹெர்ட்ஸில் அலறத் தொடங்கலாம். காதுக்கு எட்டாத அலறல். சில்லு சுடும், பேட்டரி சீக்கிரம் தீரும், பாட்டில் இனம் புரியாத கரகரப்பு சேரும். எல்எம்4562 போன்ற வேகக்காரர்களுக்கு, மின்சாரம் வரும் கால்களை ஒட்டியே 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வேண்டும் என்பது இதனால்தான்.

இனிக் கையை வைக்கலாம். பேட்டரியைக் கழற்றிவிட்டுச் சில நிமிடம் பொறுங்கள். கெபாசிட்டர்களில் மிச்சமிருக்கும் மின்சாரம் வடியட்டும். தரையோடு இணைந்த ஏதாவது உலோகத்தைத் தொட்டு உடம்பின் நிலைமின்னை இறக்குங்கள். நம் விரல் ‘சுரீர்’ என்று உணரவே சுமார் 3000 வோல்ட் தேவை. நாம் உணராத அளவே சில்லைக் கொல்லப் போதும். பழைய சில்லின் அடியில் சின்ன ஸ்குரூ டிரைவரை விட்டு, இந்த முனையைக் கொஞ்சம், அந்த முனையைக் கொஞ்சம் என்று நெம்புங்கள். ஒரே பக்கம் தூக்கினால் மறுமுனைக் கால்கள் மடங்கும்.

புதுச் சில்லின் கால்கள் சற்று அகன்றே வரும். மேசைமேல் பக்கவாட்டில் சாய்த்து, ஒரு வரிசை முழுவதையும் ஒன்றாக மெல்ல அழுத்தினால் நேராகிவிடும். சில்லின் ஒரு முனையில் அரைவட்டப் பள்ளம் அல்லது முதல் கால் அருகே ஒரு புள்ளி இருக்கும். இருக்கையிலும் அதே பள்ளம் உண்டு. இரண்டும் ஒரே திசையில் இருக்க வேண்டும். தலைகீழாகச் செருகினால் நாலாம் காலும் எட்டாம் காலும் இடம் மாறி, பேட்டரி தலைமாறிப் பாயும், சில்லு போய்ச் சேரும். ஒற்றைப் பெருக்கிச் சில்லுக்கும் எட்டுக் கால்தான், இரட்டைக்கும் எட்டுக் கால்தான். ஆனால் கால்களின் வேலை வேறு. ஓபிஏ134 ஒற்றை, ஓபிஏ2134 இரட்டை. நடுவிலிருக்கும் அந்த ‘2’-ஐப் பாருங்கள்.

செருகியதும் பேட்டரியை இணையுங்கள், ஆனால் ஹெட்ஃபோனை மாட்டிவிடாதீர்கள். பாட்டு எதுவும் ஓடாமல், மல்டிமீட்டரை நேர்மின்னழுத்த மில்லிவோல்ட்டில் வைத்து, வெளியீட்டுத் துளையில் இடது, வலது இரண்டையும் அளந்து பாருங்கள். 20 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. 50-ஐத் தாண்டினால் அந்தச் சில்லு வேண்டாம். பத்து நிமிடம் ஓடவிட்டு விரலால் தொடுங்கள். வெதுவெதுப்பு சரி, சூடு தப்பு.

எதைக் கேட்கிறோம் என்று தெரியாமல் கேட்டுப் பாருங்கள். சில்லை நண்பர் மாற்றட்டும், எது என்று சொல்ல வேண்டாம், ஒலியளவுக் குமிழைத் தொட வேண்டாம். பொருத்தமான இரண்டு நல்ல சில்லுகளிடையே வித்தியாசம் கண்டுபிடிக்கத் திணறுவீர்கள் என்பது என் கணிப்பு. பின்னூட்டத்தின் வேலையே சில்லின் சுபாவத்தை மறைப்பதுதானே. ஆகவே முதல் முயற்சிக்கு, நம்பகமான கடையில் ஒரே ஒரு ஓபிஏ2134 வாங்குங்கள், கூடவே ஒரு மல்டிமீட்டர். மீதிப் பணத்தை நல்ல ஹெட்ஃபோனில் போடுங்கள். பாட்டு மாறுவது அங்கேதான்.