இசைத்திறனும் உயர்கல்வி வாயிலும்

இயல், இசை, நாடகம் எனத் தமிழை மூன்றாகக் கண்டவர் நம் முன்னோர். ஆயின், இசையைப் பாடமாகக் கொள்ளாது வணிகவியலோ பொறியியலோ பயில விழையும் மாணவர் ஒருவருக்கு, அவர்தம் இசைத்திறன் கல்லூரிச் சேர்க்கையில் துணைநிற்குமா? இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தூத்துக்குடி மாவட்டம் இசைக்குப் புதியதன்று. முத்துசாமி தீட்சிதர் 1835இல் எட்டயபுரத்திலேயே மறைந்தார். சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904இல் அவ்வூரிலிருந்தே வெளிவந்தது. இசுலாமியப் பாடல்களால் புகழ்பெற்ற காயல் ஷேக் முஹம்மது அவர்களைத் தந்தது காயல்பட்டினம். இத்தகு மண்ணிலும், பிள்ளைகள் மேல்நிலை வகுப்பை எட்டியதும் பாட்டும் வாத்தியமும் மூட்டை கட்டப்படுவதை நாம் காண்கின்றோம். மதிப்பெண்ணுக்கு உதவாத இசை எதற்கு என்பதே பெற்றோர் கேட்கும் கேள்வி.

அக்கேள்வியில் பாதி உண்மை உண்டு. தமிழ்நாட்டின் பொறியியல் கலந்தாய்விலும், அரசு கலை அறிவியல் கல்லூரிச் சேர்க்கையிலும் மதிப்பெண்ணே தரவரிசையை முடிவு செய்கின்றது. விளையாட்டு வீரர்க்குத் தனி ஒதுக்கீடு உண்டு; இசைவாணர்க்கு அத்தகைய பொது ஒதுக்கீடு இல்லை.

எஞ்சிய பாதியைப் பலர் அறிந்திலர். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 2025-26 கல்வியாண்டு முதல் நுண்கலை, பண்பாட்டுச் சிறப்புச் சேர்க்கையைத் தொடங்கியுள்ளது. இளநிலைப் படிப்பு ஒவ்வொன்றிலும் இரண்டு கூடுதல் இடங்கள். அவற்றுள் ஒன்று மாணவியர்க்கே உரியது. ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வின் தரவரிசையில் இடம்பெற்றோரே இதற்கு விண்ணப்பிக்கலாம். தில்லிப் பல்கலைக்கழகக் கல்லூரிகளிலும் விளையாட்டுக்கும் கலைத்திறனுக்குமாகக் கூடுதல் இடங்கள் உள்ளன. அங்கே நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணோடு, நேரில் பாடியோ வாசித்தோ காட்டும் திறனும் சான்றிதழ்களும் எடைபோடப்படுகின்றன. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், அறிவியல் பயில விரும்புவோரும் தம் இசைப்பதிவை விண்ணப்பத்துடன் அனுப்ப இடமளிக்கின்றது.

இவை அனைத்திலும் இரு உண்மைகள் புலப்படும். ஒன்று, இசை கல்விக்கு மாற்றாகாது. கல்வியோடு சேர்ந்தே அது வலிமை பெறும். மற்றொன்று, திறன் இருந்தால் மட்டும் போதாது. அதற்குச் சான்று வேண்டும். நம் கடற்கரையில் 1961 வரை நடைபெற்ற முத்துக்குளிப்பில், சிப்பிகளைத் திறவாமலேயே ஆயிரக்கணக்கில் ஏலம் விட்டனர். உள்ளே முத்து உண்டா என்பது வாங்கியவரின் நல்வாய்ப்பு. கல்லூரிச் சேர்க்கைக் குழுவோ மூடிய சிப்பியை ஏலம் எடுப்பதில்லை. முத்தைத் திறந்து காட்டுமாறே கேட்கின்றது.

இச்சான்றுகளைப் பன்னிரண்டாம் வகுப்பின் இறுதியில் தேட முடியாது. புதுதில்லியிலுள்ள பண்பாட்டு வளம் மற்றும் பயிற்சி மையத்தின் கலைத்திறன் உதவித்தொகைக்கு 10 முதல் 14 வயதுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தூத்துக்குடியிலுள்ள மாவட்ட அரசு இசைப்பள்ளியின் சான்றிதழ்ப் படிப்பு மூன்றாண்டுகள் கொண்டது. வானொலி நிலையக் குரல்தேர்வில் தரம் பெறுவதற்கும் நெடுநாள் பயிற்சி தேவை. போட்டிச் சான்றிதழ்களைத் தேதிவாரியாகத் தொகுத்தலும், ஆண்டுதோறும் நல்ல ஒலிப்பதிவொன்றைச் செய்து வைத்தலும் வீட்டிலேயே இயலும் பணிகள்.

எனவே, பதினாறு வயதில் இசையை நிறுத்தும் பெற்றோர், மகனுக்கோ மகளுக்கோ படிக்க நேரம் ஈட்டித் தருவதாக எண்ணுகின்றனர். திறக்கக்கூடிய ஒரு வாயிலை அடைத்துவிடுவதை அவர்கள் எண்ணுவதில்லை. நாளும் அரைமணி நேரப் பயிற்சி எப்பாடத்தையும் கெடுத்துவிடாது.

ஆசிரியப் பெருமக்களுக்கும் சமுதாயப் பெரியோர்க்கும் நாம் வைக்கும் வேண்டுகோள் ஒன்றே. ஆண்டுவிழா மேடையில் பாடும் பிள்ளைக்குப் பொன்னாடை போர்த்துவதோடு அமையாது, உரிய வயதில் உரிய விண்ணப்பப் படிவத்தையும் அதன் கையில் கொடுப்போமாக.