மழைநீரில் எழுதிய பழங்கணக்கு

பாபநாசத்தில், 17ஆம் நூற்றாண்டில், நாயக்க மன்னர் காலத்தில் செங்கல்லால் கட்டப்பெற்ற நெற்களஞ்சியம் ஒன்று இன்றும் நிற்கிறது. மூவாயிரம் கலம் நெல் கொள்ளும் என்பர். காவிரி பாயும் நாட்டில் இத்துணைப் பெரிய சேமிப்பு எதற்கு? மழை பொய்க்கும் ஆண்டை எண்ணாமல் இத்தகைய கட்டடம் எழுந்திராது என்பது என் கருத்து. ஆயின் எந்தெந்த ஆண்டுகளில் மழை பொய்த்தது, எத்தனை ஆண்டுகள் தொடர்ந்து பொய்த்தது என்று வினவினால், விடை கூற ஏடுகள் போதா. இந்திய வானிலைத் துறை தோன்றியதே 1875ஆம் ஆண்டில்தான். அதற்கு முந்திய மழையின் கணக்கை விஞ்ஞானிகள் தண்ணீரிலேயே தேடுகின்றனர்.

தண்ணீர் எல்லாம் ஒரே எடையன்று. அறுபதாம் நம்பர் நூலும் நூறாம் நம்பர் நூலும் ஒரே பஞ்சில் நூற்றவையாயினும் எடையில் வேறுபடுவதை நெசவாளர் அறிவர். அதுபோலப் பிராணவாயுவிலும், அதாவது ஆக்சிஜனிலும், எடை 16 உடைய அணுவும் எடை 18 உடைய அணுவும் உண்டு. இவற்றை ஐசோடோப்புகள் என்பர். கனமான 18 ஆயிரத்துக்கு ஏறத்தாழ இரண்டே இருக்கும். கடல்நீர் ஆவியாகும்போது இலேசான நீர் எளிதில் எழுகிறது. மேகம் மழையாகும்போது கனமான நீர் முந்தி விழுகிறது. களத்தில் நெல் தூற்றுவதை நினைவு கொள்க. மணி அருகில் விழும், பதர் தள்ளிப் போகும். வழியெல்லாம் மழை பொழிந்து வந்த மேகத்தில் எஞ்சியது இலேசான நீராகவே இருக்கும்.

இதை மழையில் முதலில் ஆராய்ந்தவர்களுள் டென்மார்க் நாட்டு வில்லி டான்ஸ்கார்ட் ஒருவர். 1952இல் அவர் கோபன்ஹேகனில் தம் வீட்டுத் தோட்டத்தில் ஒரு பீர் புட்டியையும் புனலையும் வைத்து மழைநீர் பிடித்தார்! வெப்ப நாடுகளில் மழை மிகுந்தால் நீர் இலேசாகிறது என்பதை 1964இல் விளக்கினார். 1961 முதல் சர்வதேச அணுசக்தி முகமை பல நாடுகளின் மழைநீரைத் திரட்டலாயிற்று. புதுடில்லியும் பம்பாயும் அவ்வரிசையில் இடம்பெற்றன.

நம் டெல்டாவுக்கு இரு மழை உண்டு. குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவத்தில் பெய்வது மேட்டூர் வழியாகக் குறுவைக்கு வருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் நம் வயல்மீதே பெய்வது சம்பாவையும் தாளடியையும் காக்கிறது. பின்னது வங்கக் கடலிலிருந்து வருவது. கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டும் நன்னீர் கலந்த கடல் அது. ஆதலின் வடகிழக்குப் பருவ மழை பெரும்பாலும் தென்மேற்கு மழையினும் இலேசானது. வாய்க்கால் நீரும் வான்நீரும் நம் கண்ணுக்கு ஒன்றே. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்னும் கருவி இரண்டையும் பிரித்தறியும்.

இனி, பழைய மழைநீர் எங்கே கிடைக்கும்? சுண்ணாம்புக் குகைகளில் அதன் அடையாளம் கிடைக்கிறது. மண்ணில் ஊறிய மழைநீர் குகையின் கூரையிலிருந்து சொட்டி, தரையில் சுண்ணாம்பைத் தூண்போல் படிய வைக்கிறது. அன்றைய மழையின் ஆக்சிஜனும் அப்படிவினுள் அடங்குகிறது. யுரேனியம் தோரியமாக மாறிய அளவைக் கொண்டு படிவின் வயதைக் கணிக்கலாம். சத்தீஸ்கரில் ஜகதல்பூருக்கு அருகிலுள்ள தண்டக் குகையின் படிவை அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சி நிலையத்தாரும் அமெரிக்க விஞ்ஞானிகளும் ஆராய்ந்து, கி.பி. 600 முதல் 1500 வரையிலான தென்மேற்குப் பருவத்தின் கணக்கை 2007இல் வெளியிட்டனர். 14ஆம் நூற்றாண்டிலும் 15ஆம் நூற்றாண்டின் நடுவிலும் மழை குன்றிய காலங்கள் பல்லாண்டுகள் நீடித்தமை அதில் தெரிகிறது. 1396இல் தொடங்கித் தக்காணத்தை வாட்டிய துர்காதேவிப் பஞ்சம் அக்காலத்ததே.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். மழையின் அளவு மட்டுமே நீரின் எடையைத் தீர்மானிப்பதில்லை. மேகம் எக்கடலில் எழுந்தது, எவ்வழி வந்தது என்பனவும் அதை மாற்றும். ஒரு குகையைக் கொண்டு ஓர் ஊரின் மழையை அங்குலக் கணக்கில் சொல்வோர் கூற்றை நம்ப வேண்டியதில்லை. நெடுங்கால வறட்சியைக் காட்டுவதில்தான் இச்சான்று வலிமையுடையது.

சங்கங்களின் அங்கத்தினர் கவனிக்கவேண்டிய இடம் இதுவே. பயிர்க் காப்பீட்டில் உத்தரவாத மகசூலைக் கணிக்க, முந்திய 7 ஆண்டுகளில் சிறந்த 5 ஆண்டுகளின் விளைச்சலை எடுத்துக்கொள்கிறோம். வறட்சி ஓராண்டு வந்து மறுஆண்டு நீங்குமாயின் இக்கணக்கு தாங்கும். தொடர்ந்து பல ஆண்டு நீடித்தால், சராசரியே ஆண்டுக்காண்டு கீழிறங்கும். இழப்பு பெருகும்போதே ஈட்டுத்தொகை சுருங்கும். கடன் பாக்கியைத் தள்ளி வைக்கும் ஏற்பாடுகளும் ஓரிரு ஆண்டுத் துன்பத்தை நினைத்தே அமைந்தவை. சங்கத்தின் காப்பு நிதியைப் பற்றிப் பொதுக்குழுவில் பேசும்போது தண்டக் குகையையும் ஒருமுறை நினைப்பது தகும்.

காவிரிப் படுகையின் வண்டல் நிலத்தில் அத்தகைய குகை இல்லை. ஐப்பசி மழையின் பழங்கணக்குக்கு மரங்களையே நாடவேண்டியிருக்கிறது. கேரளத்துத் தேக்கின் ஆண்டு வளையங்களை மெல்லிய சீவல்களாக அரிந்து ஆராய்ந்தோர், ஒரே வளையத்துள் இரு பருவ மழைகளின் அடையாளமும் பதிந்திருப்பதைக் கண்டு 2011இல் வெளியிட்டுள்ளனர். முதிர்ந்த தேக்கு இரண்டு மூன்று நூற்றாண்டுக் கணக்கைத் தரக்கூடும். களஞ்சியம் எழுந்த காலத்தை எட்ட, அதனினும் மூத்த மரம் வேண்டும்.