பிள்ளைக்கு வைக்கும் விளக்கு

யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்களில் இறந்தோருக்கான நாட்கணக்கு மிகவும் திட்டமானது. எட்டுச்செலவு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, கீரிமலைத் தீர்த்தம், ஆண்டுத் திவசம். தந்தையை இழந்தவருக்கு ஆடி அமாவாசை, தாயை இழந்தவருக்குச் சித்திரா பௌர்ணமி. இந்தக் கிரமம் முழுவதும் பிள்ளை பெற்றோருக்கு ஆற்றும் கடனாகவே அமைந்திருக்கிறது; பெற்றவளே பிள்ளைக்கு விளக்கு வைக்க நேரும் என்பதை அதை வகுத்த பெரியோர் எண்ணிப் பார்க்கவில்லை போலும். மூன்று தசாப்த காலத்து யுத்தம் அந்த முறையைத் தலைகீழாக்கிவிட்டது.

களத்தில் வீழ்ந்தவனுக்குக் கல் நடுவது தமிழருக்குப் புதிதன்று. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என அதற்குரிய ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. கல்லைத் தேர்வதில் தொடங்கி அதனைத் தெய்வமாக்கி வாழ்த்துவதில் முடியும் அவ்வொழுங்கையே, சேரன் கண்ணகிக்குக் கல்லெடுத்த கதையைச் சொல்லும் சிலப்பதிகாரத்து வஞ்சிக் காண்டமும் பின்பற்றுகிறது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006 ஆம் ஆண்டு கிடைத்த நடுகற்கள் தமிழ்ப் பிராமி எழுத்துத் தாங்கியவை.

இப்பழைய வழக்கம் எங்கள் காலத்தில் வேறொரு கோலம் பூண்டது. சைவர்களிடையே தகனமே பெருவழக்காயிருக்க, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் விடுதலைப் புலிகள் தம்முடைய போராளிகளின் சரீரங்களைப் புதைக்கலாயினர். புதைத்தல் என்னாது 'விதைத்தல்' என்றனர். மயானம் என்னாது 'துயிலும் இல்லம்' என்றனர். இயக்கத்தில் முதலில் மடிந்த சங்கர் என்னும் சத்தியநாதன் 1982 நவம்பர் 27 இல் இறந்தமையால் அத்தேதியே நினைவு நாளாயிற்று. 1989 இல் அது முதன்முதலாக அனுஷ்டிக்கப்பட்டது. கோப்பாயிலிருந்த துயிலும் இல்லம், 1995 இன் இறுதியில் யாழ்ப்பாணம் இராணுவத்தின் வசமான பின் இடிக்கப்பட்டது. 2002 சமாதான காலத்தில் மீண்டும் எழுந்தது. யுத்தம் முடிந்தபின் மறுபடியும் தரைமட்டமாயிற்று. 2011 இல் அந்நிலத்தில் இராணுவத்தின் 51 ஆவது படைப்பிரிவின் தலைமையகம் அமைந்தது.

குடாநாட்டு வாசலாகிய ஆனையிறவிலோ வேறொரு நினைவுச் சின்னம் இருக்கிறது. 1991 ஜூலை 14 அன்று, புலிகள் செலுத்தி வந்த கவச புல்டோசரின்மேல் கைக்குண்டுகளோடு ஏறி, அதனைத் தடுத்து உயிர் துறந்த லான்ஸ் கோப்ரல் காமினி குலரத்னவின் ஞாபகார்த்தமாக, அந்த இயந்திரத்தையே அரசு அங்கு நிறுத்தியிருக்கிறது. ஓரிடத்தில் புல்டோசர் கல்லறைகளை வழித்தெறிந்தது. மற்றோரிடத்தில் அதுவே கல்லறைக்கு நிகராயிற்று. பலாலியில், அமைதிப் படையாக வந்து மாண்ட இந்தியப் படையினருக்கும் ஒரு தூபி உண்டு; அப்படையில் மேஜர் இராமசாமி பரமேஸ்வரன் என்னும் தமிழரும் 1987 நவம்பர் 25 அன்று இக்குடாநாட்டிலேயே மடிந்து, பரம் வீர் சக்ரா விருது பெற்றார். ஆனால் 1986 இல் புலிகளின் கையாலேயே மாண்ட, டெலோ என்னும் மற்றொரு தமிழ் இயக்கத்தின் இளைஞருக்கு எவருடைய மயானத்திலும் இடமில்லை. அவர்களுடைய தாய்மாரும் இதே ஊர்களில்தான் இருக்கிறார்கள். இதைச் சொல்லாமல் நினைவுகூர்தலைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது என்று நினைக்கிறேன்.

கார்த்திகை மழைக்காலம். நினைவு நாளில், கோப்பாயிலுள்ள அந்த இராணுவ முகாமுக்கு அருகே, வீதியோரக் காணியில், வாழைக்குற்றிகளை நட்டு அவற்றின்மேல் சிட்டிகளை வைக்கிறார்கள். ஈரத்தில் திரி பற்ற மறுக்கும். குடையைச் சரித்துப் பிடித்துக்கொண்டு, தேங்காயெண்ணெயை இன்னுங் கொஞ்சம் விட்டுப் பார்க்கும் ஒரு கிழவியின் கைகளைக் கண்டிருக்கிறேன். மாலை 6.05 க்கு மணி ஒலிக்கும், 6.06 க்கு அகவணக்கம், 6.07 க்குச் சுடரேற்றுவார்கள். கல்லில்லை, பெயரில்லை, ஆயினும் எந்த வரிசையில், எத்தனையாவது குழி என்பதைத் தாய்மார் மறப்பதில்லை. “உந்த மதிலுக்கு அங்காலதான் என்ரை பிள்ளை கிடக்கிறான்” என்று முகாமின் மதிலைக் காட்டுவார்கள்.

இப்பிள்ளைகளின் பெற்றோருக்கு மதிப்பளிக்கும் சபைகளில் அவர்களுக்குத் தென்னங்கன்று கொடுக்கும் வழக்கமுண்டு. ஈரத் துணி சுற்றிய கன்றைச் சைக்கிள் கரியரில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோய், கிணற்றடியில் குளிக்கும் தண்ணீர் ஓடிவரும் இடமாகப் பார்த்து நடுகிறார்கள்.