வியர்வையில் பிறந்த வியாபாரம்!

அமெரிக்காவில் உள்ள புளோரிடாவில் வெயில் கொளுத்தும். அங்குள்ள பல்கலைக்கழகக் கால்பந்துக் குழுவுக்கு "முதலைகள்" என்று பெயர்.

ஆடி முடித்த ஆட்டக்காரர்கள் சிறுநீரே கழிப்பது இல்லை. காரணம் என்ன என்று 1965-ல் துணைப் பயிற்சியாளர் டக்ளஸ், டாக்டர் ராபர்ட் கேடிடம் கேட்டார்.

டாக்டர் ஆராய்ந்தார். உடம்பில் உள்ள நீரும் உப்பும் வியர்வையாக வெளியேறுவதைக் கண்டார்.

மனைவி சொன்ன யோசனை

தண்ணீர், உப்பு, சர்க்கரை கலந்து கொடுத்தார். குடித்தவர்கள் முகம் சுளித்தார்கள்! எலுமிச்சம்பழச் சாறு சேர்க்கும்படி மனைவி மேரி யோசனை சொன்னார். அதுதான் "கேட்டரேட்".

1967 ஜனவரியில் "ஆரஞ்சு பவுல்" போட்டியில் முதலைகள் குழு வெற்றி பெற்றது. பானத்தின் புகழ் பரவியது. அந்த ஆண்டே ஸ்டோக்லி கம்பெனி அதை விற்கத் தொடங்கியது. 1983-ல் குவேக்கர் கம்பெனிக்கும், 2001-ல் பெப்சி கம்பெனிக்கும் கைமாறியது. பல்கலைக்கழகத்துக்கும் பங்கு கிடைத்தது. ஜப்பானில் 1980-ல் "போக்கரி ஸ்வெட்" வந்தது.

யாருக்குத் தேவை?

வெயிலில் நெடுநேரம் ஓடி ஆடுகிறவர்களுக்கு இது உதவும். மற்றவர்களுக்குத் தண்ணீரே போதும். 591 மில்லி புட்டி ஒன்றில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது! சர்க்கரைக்கு அஞ்சுகிறவர்களும் வாங்கவேண்டும் அல்லவா? 2018-ல் சர்க்கரை இல்லாத கேட்டரேட்டும் கடைக்கு வந்துவிட்டது.

பெற்றோர்களே! ஓடி ஆடாத பிள்ளைக்கு ஆட்டக்காரர் பானம் எதற்கு?