சோதனைச் சூழல் பெயர் மாற்றம்

சோதனைச் சூழல் பெயர் மாற்றம் என்பது, தொடர் ஒருங்கிணைப்பில் மென்பொருளைச் சோதிக்கும் சூழல்களுக்கு, கருவிகள் பிழையின்றி அறியக்கூடிய பெயர்களை இடுதல் ஆகும். தொடர் ஒருங்கிணைப்பில் நிரலில் செய்யப்படும் ஒவ்வொரு மாற்றமும் பல சூழல்களில் தானாகவே சோதிக்கப்படுகிறது.

பெயரின் பணி

பைத்தான் நிரல்களைச் சோதிக்கப் பயன்படும் டாக்ஸ் என்னும் கருவி, சூழலின் பெயரிலிருந்தே மொழியின் பதிப்பை அறிகிறது. எடுத்துக்காட்டாக, "பிஒய்310" என்ற பெயர் பைத்தான் 3.10 பதிப்பைக் குறிக்கும். எனவே பெயர் வெறும் அடையாளம் அன்று. அது கருவிக்கான கட்டளையும் ஆகும்.

பொருந்தாமை

பைத்தான் 3.10 பதிப்பு 2021 அக்டோபரில் வெளியானது. யாமல் வடிவக் கோப்புகளில் மேற்கோட்குறியின்றி எழுதப்படும் 3.10 ஒரு பதின்ம எண்ணாகக் கொள்ளப்படும். இறுதிச் சுழியம் நீங்கி 3.1 ஆகிவிடும். 3.1 என்பது 2009 இல் வெளியான பழைய பதிப்பாகும். அப்பதிப்பு கிடைக்காத இடங்களில் சோதனை தொடங்காமலேயே தோல்வியுறும். மேற்கோட்குறிக்குள் எழுதினால் இச்சிக்கல் நீங்கும். "பிஒய்310" போன்ற டாக்ஸ் சூழற்பெயரில் புள்ளி இல்லாமையால் இக்குழப்பம் எழுவதில்லை.

கவனிக்க வேண்டியவை

கிட்ஹப் தளத்தில், ஒரு கிளையில் மாற்றத்தை இணைக்குமுன் வெற்றிபெற வேண்டிய சோதனைகளைப் பெயரால் குறித்துவைக்கலாம். அமைப்புக் கோப்பில் மட்டும் பெயரை மாற்றினால், பாதுகாப்பு விதி பழைய பெயருக்காகக் காத்திருக்கும். சோதனைகள் அனைத்தும் வென்றாலும் மாற்றத்தை இணைக்க இயலாது. மாறாக, விதியிலிருந்து பழைய பெயரை நீக்கிவிட்டுப் புதியதைச் சேர்க்க மறந்தால், அச்சோதனை தோற்றாலும் குறைபாடுள்ள நிரல் இணைந்துவிடக்கூடும். ஆகவே கோப்பு, விதி ஆகிய இரண்டையும் ஒருசேர மாற்றுதல் வேண்டும்.