உங்களுக்குத் தெரியுமா? லேப்டாப் கிராபிக்ஸ் கார்டு எத்தனை வருஷம் தாங்கும்?

2016-இல் லேப்டாப்புகளுக்கு வந்த என்விடியா ஜிடிஎக்ஸ் 1060, ஏழெட்டு ஆண்டுகள் புதிய கேம்களுக்கு ஓரளவு ஈடுகொடுத்தது. அதை ஓரங்கட்டியது வேகக் குறைவு மட்டுமல்ல. 2024 டிசம்பரில் வெளியான ‘இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள்’ கேமுக்கு, ஒளிக்கதிர்களின் போக்கைக் கணக்கிடும் ரே டிரேசிங் வசதியுள்ள சிப் கட்டாயம். 1060-இல் அது கிடையாது. மேசைக் கணினி என்றால் கார்டைக் கழற்றி மாற்றலாம். லேப்டாப்பில் பெரும்பாலும் மதர்போர்டோடு சேர்த்துப் பற்றவைத்துவிடுகிறார்கள்.

பெயரை நம்பி ஏமாறவும் வேண்டாம். ஆர்டிஎக்ஸ் 3060 மேசைக் கணினியில் 12 ஜிபி நினைவகத்தோடு அறிமுகமானது, லேப்டாப்பில் 6 ஜிபிதான். ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் சிப்புக்குத் தயாரிப்பாளர் 35 வாட்டும் தரலாம், 115 வாட்டும் தரலாம், ஸ்டிக்கர் ஒன்றேதான்!

காரைக்குடியின் சித்திரை வெயிலில், ஃபேன் துவாரத்தில் தூசி அடைத்திருந்தால் சூடு தாங்காமல் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கரண்ட் போனாலும் அதே கதை: பேட்டரியில் கார்டு முழு வேகம் காட்டாது. லித்தியம் பேட்டரி ஆராய்ச்சி நடக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான சிக்ரி இதே ஊரில் இருந்தும்தான்!

கடைக்குப் போனால் எத்தனை ஜிபி, எத்தனை வாட் என்று இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.